பதின்மூன்றாம் குழாய்

காலை ஆறு மணிக்கு மணி அடித்தது. பதின்மூன்று பெண்களும் கட்டிலில் எழுந்து உட்கார்ந்து, கீழிமையைச் சுட்டுவிரலால் இழுத்துப் பிடித்துக்கொண்டு கூரையைப் பார்த்தார்கள். துளிக்காரர் காசிலிங்கம் தள்ளுவண்டியோடு வந்தார். விரல்நகம் அகலமே உள்ள துளித்தாளை ஒவ்வொருவர் இமைக்குள்ளும் செருகினார், நூறு எண்ணினார், நனைந்த தாளை எடுத்து அவரவர் பெயர் பொறித்த கண்ணாடிக் குழாயில் இட்டு மூடினார். பதின்மூன்று குழாய்களும் ஒரே தட்டில் வரிசையாக நின்றன. இனி மாலை நான்கு மணி வரை அந்தக் கூடத்தில் யாருக்கும் வேலை இல்லை, மணிக்கொரு முறை கண்ணில் விழும் மஞ்சள் மருந்தின் எரிச்சலைத் தாங்கிக்கொள்வதைத் தவிர.

சுடர்க்கொடியின் கட்டில் பதின்மூன்றாவது. மற்றப் பன்னிரண்டும் நெருங்கிக் கிடக்க, இவளுடையது மட்டும் கதவோரம் தனித்துக் கிடந்தது. நடுவே தரையில் சுண்ணக்கட்டியால் இழுத்த ஒரு கோடு. அதை அதிகாரிகள் போடவில்லை. உள்ளே அடைபட்டவர்களே போட்டார்கள். இவள் டம்ளர் வேறு, இவள் வாளி வேறு, குளியலறைக்கு இவள் முறை கடைசி. இவள் வந்து சேர்ந்த நாளிலிருந்துதான் இந்தக் கூடத்தில் ஒருவருக்கும் வெளியே விடும் பச்சை விழவில்லை என்பது அவர்கள் கண்ட கணக்கு.

அன்று அவளுக்கு எழுபத்தோராம் நாள். எதிர்ச்சுவரில் ஒரு பலகை இருந்தது. ஏழு வரிகள், முதல் வரியின் எழுத்து முழங்கை நீளம், கீழே வர வர எழுத்துச் சிறுத்து, ஏழாவது வரியில் அச்சகத்தின் பெயர். வந்த அன்று கட்டிலில் படுத்தபடியே ஏழையும் வாசித்துவிட்டுப் புரண்டு படுத்தவள் அவள். இப்போது முதல் வரி தெரிந்தது: விழிக்காப்பகம் உங்களைக் காக்கிறது. இரண்டாவது வரி தெரிந்தது: காலை ஆறு மணிக்குத் துளி தருக. மூன்றாவது வரி, கொதிக்கும் நீருக்குள் கிடக்கும் எழுத்துப்போல் நெளிந்தது.

“என்னளா, பலகையவே பாத்துக்கிட்டு இருக்க? படமா ஓடுது?” என்றாள் ஜெபமாலை. மீன் ஏலத்தில் முப்பது ஆண்டு கத்திப் பழகிய தொண்டை. கோட்டுக்கு அந்தப் பக்கம் இருந்துகொண்டு இவளோடு பேசுகிறவள் அவள் ஒருத்திதான்.

“மூணாவது வரி போயிட்டு எக்கா.”

“போனா போவட்டும். அது மருந்து போடச் சொல்லுத வரிதான? போடாமலா விடுதானுவ?”

நான்கு மணிக்குச் சுவர்த்திரை ஒளிர்ந்தது. பதின்மூன்று பெயர்கள். பதின்மூன்றும் சிவப்பு.

*

வெள்ளோடைப் பட்டினத்தில் யாரும் இதை அநீதி என்று சொல்வதில்லை. சொல்லாததற்குக் காரணம் இருந்தது. முப்பத்திரண்டு ஆண்டுகளுக்கு முன் தென்கரையெங்கும் செங்கண் காய்ச்சல் பரவியது. கண் சிவந்தது, நீர் வடிந்தது, கருவிழியில் வெள்ளை விழுந்தது. பத்தே நாளில் பார்வை போயிற்று. மருத்துவர்கள் கண்ணைப் பார்த்தார்கள், ஊகித்தார்கள். பூஞ்சை தின்றுகொண்டிருந்த கண்ணுக்குப் பாக்டீரியா மருந்தை ஊற்றினார்கள், வீக்கம் வடியட்டும் என்று ஸ்டீராய்டைச் சேர்த்தார்கள், பூஞ்சை செழித்தது. வேறு வேறு நோய்கள் எல்லாம் ஒரே சிவப்புச் சட்டை போட்டு வந்ததால் வந்த கேடு அது. நான்கு லட்சம் பேர் இருட்டில் விடப்பட்டார்கள்.

பிறகுதான் மரபு வரிசைப்பொறி வந்தது. ஊழியர்கள் அதைச் சீக்வென்சர் என்பார்கள். ஒரு துளிக் கண்ணீரைக் கொடுத்தால், அதில் மிதக்கும் ஒவ்வோர் உயிரின் மரபெழுத்தையும் அது வாசித்துவிடும். இது வைரஸ், இது பூஞ்சை, இது வெறும் தூசி அரிப்பு என்று அரை நாளில் பெயர் சொல்லிவிடும். பொறி மனிதரைக் காத்தது. அதில் ஐயம் இல்லை. அதன் காலில் விழுந்து கும்பிடத் தொடங்கியபோதுதான் கேடு திரும்பி வந்தது. கண்ணைப் பார்த்துப் பிழை செய்தார்கள் என்பதற்காகக் கண்ணைப் பார்ப்பதையே குற்றமாக்கினார்கள். விழித்தூய்மைச் சட்டத்தின் முதற்பிரிவு அதுதான்: மருத்துவர் எவரும் நோயாளியின் விழியை நோக்கி முடிவு கூறலாகாது. பொறி சிவப்பு என்றால் காப்பகம். ஏழு நாள் தொடர்ந்து பச்சை என்றால் கதவு. இடையில் மனிதர் யாரும் இல்லை.

தீட்டு என்ற சொல்லை இந்த மண்ணில் எரித்துவிட்டோம் என்று மேடைதோறும் முழங்கினார்கள். எரிந்தது சொல் மட்டுமே. பொருள் வெள்ளை அங்கி அணிந்துகொண்டு, ஆய்வுக்கூடத்தின் வாசல் வழியாகத் திரும்பி வந்து நாற்காலியில் உட்கார்ந்தது. தூயவர் என்று ஒரு வகுப்பு. உள்ளிருப்போர் என்று ஒரு வகுப்பு. வெளியே எல்லோரும் புகைநிறக் கவசம் அணிந்து, ஒருவர் முகத்தை ஒருவர் பாராமல் நடந்தார்கள்.

சுடர்க்கொடி சூரியத் தகட்டுக் காட்டில் தகடு துடைப்பவள். இரண்டாயிரம் ஏக்கர் கண்ணாடி. ஒரு புழுதிக்காற்று நாளில் வலக்கண்ணில் மணல் விழுந்தது. கசக்கினாள், சிவந்தது. மறுநாள் வாயிற்சோதனையில் பொறி ஒரு பூஞ்சையின் பெயரைச் சொன்னது. அது உண்மையாகவே இருந்திருக்கலாம். ஆனால் உறுத்தலும் சிவப்பும் ஒன்பதாம் நாளே போய்விட்டன. போகாதது திரையின் சிவப்பு மட்டும்தான். சிவப்பு இருக்கும்வரை மருந்து இருக்கும். மருந்து இருக்கும்வரை பலகையின் வரிகள் ஒவ்வொன்றாகக் கீழிருந்து மறையும்.

செவ்வாய்தோறும் மருத்துவர் சாளரத்துக்கு வருவார். எத்தனை வரி தெரிகிறது என்று கேட்பார். குறைந்திருந்தால் ‘நோய் முற்றுகிறது, மருந்தைக் கூட்டுக’ என்று எழுதுவார். நான்காம் கட்டில் மூக்கம்மாளுக்கு அப்படிக் கூட்டிக் கூட்டி இப்போது சுவரே தெரியவில்லை. அவள் கையை நீட்டித் தடவிக்கொண்டு நடக்கிறாள். அவளுடைய குறிப்பேட்டில் முற்றியது நோய்தான்.

*

எழுபத்திரண்டாம் நாள் காலை, காசிலிங்கம் நூறு எண்ணி முடித்துத் தாளை எடுத்தார். காய்ந்து கிடந்தது. மறுபடி செருகினார், இருநூறு எண்ணினார். மஞ்சள் மருந்து சுடர்க்கொடியின் கண்ணில் இருந்த ஈரத்தையெல்லாம் உறிஞ்சிவிட்டிருந்தது.

“அழு தாயி,” என்றார் தணிந்த குரலில்.

“வரலியேண்ணே. அழுது தீந்துபோச்சு.”

“துளி இல்லன்னா ஒத்துழைக்கலன்னு எழுதணும். எழுதுனா தனியறை.” அவர் இரண்டு பக்கமும் பார்த்தார். வண்டியின் அடித்தட்டிலிருந்து ஊசி மருந்து கலக்கும் நீர்க்குப்பி ஒன்றை எடுத்துக் கழுத்தை ஒடித்து, துளித்தாளை அதில் நனைத்தார். “மூச்சு விடாத. ஜெபமாலைக்கும் இதத்தான் செய்யுதேன்.”

சுடர்க்கொடியின் விரல் இமையிலேயே நின்றுவிட்டது. “எத்தன நாளா?”

“அது கெடக்கு, இருவது நாளு இருக்கும்.”

கோட்டுக்கு அப்பாலிருந்து ஜெபமாலை சிரித்தாள். “அந்த மனுசன வையாத. நான்தான் கெஞ்சுனேன். சுத்தத் தண்ணியக் குடுத்தா அந்தச் சோசியக்காரிப் பொறி பச்சைன்னு சொல்லிருவான்னு பாத்தேன். ஏழு நாளு ஏமாத்திட்டா வெளிய போயிரலாம்லா? எங்க? இருவது நாளும் சிவப்பு. எம் பாவம் தண்ணியிலயும் ஒட்டிக்கிட்டு போலுக்கு!”

கூடத்தில் இரண்டு பேர் சிரித்தார்கள். சுடர்க்கொடி சிரிக்கவில்லை.

“எக்கா,” என்றாள். “தண்ணிக்குக் கண்ணு உண்டா?”

“என்ன கேள்விளா இது?”

“கண்ணில்லாத தண்ணிக்குக் கண்நோயின்னு இருவது நாளா அது சொல்லுது. அப்ப நம்ம கண்ணப் பத்தி அது சொன்னது என்ன?”

சிரித்தவர்கள் அடங்கினார்கள். ஜெபமாலை கட்டிலிலிருந்து இறங்கிக் கோட்டின் விளிம்பு வரை வந்து நின்றாள். அன்று மாலை நான்கு மணிக்குப் பதின்மூன்றாவது குழாயும் சிவப்பு என்றே திரை சொன்னது.

*

டாக்டர் ஹமீதா ஒன்பது ஆண்டுகளாகக் கண் மருத்துவர். செவ்வாயன்று சாளரத்தின் அப்பக்கம் வந்து நின்றார். இடையே புகைநிறக் கண்ணாடி. அடியில் மருந்து நீட்டும் சிறு கதவு. சுடர்க்கொடி நடந்ததைச் சொன்னாள். மறைக்கவில்லை, காசிலிங்கத்தின் பெயரை மட்டும் விட்டுவிட்டாள்.

“நீங்க செஞ்சது குற்றம், தெரியுமா?” என்றார் ஹமீதா.

“தெரியும்மா. தண்ணி செஞ்சது என்ன குற்றம்?”

மருத்துவர் குறிப்பேட்டை மூடினார். பிறகு, தமக்குத்தாமே சொல்வதுபோல் சொன்னார். “முன்னாடி தட்டுல பன்னிரண்டு பேர்தான். பதின்மூணாவது குழாயில வெறும் தண்ணிதான் போடுவோம். வெற்றுக் குழாய்னு பேரு. பொறி அதுல ஏதாவது வாசிச்சா, அழுக்கு நோயாளிகிட்ட இல்ல, எங்ககிட்டன்னு அர்த்தம். தட்டையே தூக்கி எறிஞ்சிட்டு மறுபடி செய்வோம்.”

“இப்ப?”

“இடம் பத்தலைன்னு ஆணை வந்தது. வெற்றுக் குழாய் ஒரு ஆளோட இடத்தை வீணாக்குதுன்னு எழுதியிருந்தாங்க. புதுத் தட்டு, புது நொதி, பதின்மூணு பேர். பங்குனி மாசக் கடைசி.”

“நான் வந்தது பங்குனிக் கடைசி.”

“ஆமா,” என்றார் ஹமீதா. “உங்களைப் படுக்க வைக்கத்தான் அந்தக் குழாயை எடுத்தோம்.”

நொதி என்றால் என்ன என்று அவள் கேட்டாள். மருத்துவர் விளக்கினார். பூஞ்சையின் சுவர் தடித்தது. அதைக் கரைத்தால்தான் உள்ளே இருக்கும் மரபெழுத்து வெளியே வரும். கரைக்கும் நொதியையும் ஒரு பூஞ்சையில்தான் வளர்க்கிறார்கள். வளர்த்து, வடித்து, சுத்தம் செய்து அனுப்ப வேண்டும். புதிய ஆலை சரியாக வடிக்காமல் விட்டிருந்தால், கரைக்க வந்த திரவத்திலேயே பூஞ்சையின் எழுத்துத் துணுக்குகள் மிதக்கும். செத்த எழுத்து, யார் கண்ணையும் கெடுக்காத எழுத்து. ஆனால் பொறிக்குச் செத்ததும் ஒன்றுதான், உயிருள்ளதும் ஒன்றுதான். யார் குழாயில் ஊற்றினாலும் அவர் நோயாளி.

“நீங்க வெளிய சோதிச்சிக்கிடுதீங்கல்லா, உங்களுக்கு மட்டும் எப்படிப் பச்சை?”

“ஊழியர்களுக்கு நகரத்துப் பொறி. அங்க இன்னும் பழைய நொதி.”

சுடர்க்கொடி சாளரத்தின் கம்பியைப் பிடித்துக்கொண்டாள். “அப்ப எழுதிப் போடுங்கம்மா! ஒரு குழாயில வெறும் தண்ணிய ஊத்திக் காட்டுங்க!”

“பேரில்லாத குழாயை இந்தப் பொறி வாங்காது. ஒரு குடிமகனோட பேர் வேணும். உங்க பேர்ல போட்டா, நோயாளியோட குழாய், சிவப்பு சரிதான்னு சொல்லிருவாங்க.”

இருந்தும் அவர், காப்பகங்களை நடத்தும் ஆணையத்துக்கு எழுதினார். ஐந்தாம் நாள் மறுமொழி வந்தது. மூன்று வரி: பொறி பிழை செய்வதில்லை. ஐயம் எழுப்புவோர் பொறியின் வாசிப்பையே சான்றாகத் தர வேண்டும். அவ்வாசிப்பு தூயவர் ஒருவரின் பெயரில் அமைதல் வேண்டும்.

தூயவர் ஒருவர் தம் பெயரில் தண்ணீரைக் கொடுக்கலாம், தடையில்லை. சிவப்பு விழுந்த கணமே அவர் தூயவர் அல்லர். கதவு அவருக்குப் பின்னால் பூட்டிக்கொள்ளும். இப்படி ஒரு சிறையை இரும்பால் கட்ட முடியுமா? முடியாது. படித்த மனிதர்கள் பத்துப் பேர் ஒரு மேசையைச் சுற்றி அமர்ந்து, நல்லெண்ணத்தோடு, தேநீர் குடித்துக்கொண்டே எழுதினால்தான் கட்ட முடியும்.

*

“எங்க அம்மாவுக்கு ரெண்டு கண்ணும் இல்ல,” என்றார் ஹமீதா அடுத்த செவ்வாயன்று. “செங்கண் காய்ச்சல். ஒரு டாக்டர் டார்ச் அடிச்சுப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னு ஸ்டீராய்டு எழுதினார். நல்ல மனுஷன். தப்பாப் பாத்தார். அதனாலதான் நான் பாக்காத மருத்துவம் படிச்சேன். அம்மா இப்ப என்கூடதான் இருக்காங்க. நான் உள்ள வந்துட்டா அவங்களை என் தங்கச்சிதான் பாக்கணும்.”

“நான் உங்கள உள்ள வரச் சொல்லலியே,” என்றாள் சுடர்க்கொடி. “ஒண்ணே ஒண்ணு செய்யுங்க. என் கண்ணப் பாருங்க. பாத்துட்டுப் போயிருங்க.”

“அது...”

“குற்றம். தெரியும். ஒம்போது வருசமா கண் டாக்டரு. எத்தன கண்ணப் பாத்திருக்கீங்க?”

விடை தெரிந்ததுதான். ஹமீதா மருந்துக் கதவைத் திறந்தார். முகக்கவசத்தை நெற்றிக்கு ஏற்றினார். கைப்பேசியின் விளக்கைப் போட்டார். குனிந்து, கதவின் சதுரத்துக்குள் தெரிந்த அந்தக் கண்ணைப் பார்த்தார்.

“என்ன தெரியுதும்மா?”

“புண் இல்ல. வெள்ளை இல்ல. ஆனா ஏதோ... மங்கலா...” விளக்கை இன்னும் அருகே கொண்டுவந்தார். “எனக்குத் தெரியலம்மா. நல்ல கண்ணு எப்படி இருக்கும்னே எனக்குத் தெரியாது.”

சுடர்க்கொடி திரும்பி, தள்ளுவண்டியோடு நின்றவரைக் கூப்பிட்டாள். “காசியண்ணே, இங்க வாங்க. உங்க கண்ணக் காட்டுங்க.”

காசிலிங்கம் தயங்கித் தயங்கி வந்து குனிந்தார். ஹமீதா அவர் கண்ணைப் பார்த்தார். இவள் கண்ணைப் பார்த்தார். மறுபடியும் அவர் கண்ணை. நாற்பத்தைந்து வயதுக் கண். மருந்து படாத கண். அதன் கருவிழியில் கைப்பேசியின் விளக்கு ஒரு கூர்மையான வெள்ளைப் புள்ளியாய் நின்றது. இவள் கருவிழியில் அதே விளக்கு நூறு துணுக்காய்ச் சிதறியது.

“அவர் கண்ணுல வெளிச்சம் முழுசா இருக்கு,” என்றார் மெதுவாக. “உங்க கண்ணுல உடைஞ்சு கிடக்கு.”

“புழுதிக்காத்து அடிச்ச தகடு அப்படித்தான் இருக்கும்,” என்றாள் சுடர்க்கொடி. “மண்ணு அராவி அராவி, வெளிச்சம் உள்ள போவாது. உள்ள ஒரு நோவும் இல்லம்மா. மேலதான் அராவிக் கெடக்கு. அராவுனது உங்க மருந்து.”

வெற்றுக் குழாய் இல்லாத பொறி எதையும் எதோடும் ஒப்பிடவில்லை. இந்த மருத்துவர் முதன்முறையாக ஒப்பிட்டார். அவர் கவசத்தை மறுபடி இறக்க மறந்தவராய் நடந்து போனார்.

*

வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குத் திரையில் பதினான்காவதாக ஒரு பெயர் ஒளிர்ந்தது. சிவப்பு. வாயிலில் பூட்டு விழுகிற ஓசை கூடம் வரை கேட்டது. அரை மணி நேரம் கழித்து, ஒரு கையில் எவர்சில்வர் தட்டும் மறுகையில் துண்டுமாக ஹமீதா உள்ளே வந்தார். அங்கி இல்லை. கவசம் இல்லை.

ஜெபமாலைதான் எழுந்தாள். “வாங்க டாக்டரம்மா. சோசியக்காரி உங்களையும் விட்டு வைக்கலியாக்கும்? ஃபேனு காத்து வேணுமா, சன்னலு வேணுமா? ரெண்டும் இல்ல, எது வேணும்னு சும்மா கேட்டேன்.”

ஹமீதா சிரித்தார். சிரிப்பு பாதியிலேயே அழுகையாயிற்று. “தண்ணிதான் குடுத்தேன். குப்பியை உடைச்சு, ஒரு சொட்டு. என் பேர்ல, தனித் தட்டுல, இங்க இருக்கிற பொறியிலயே. வாசிப்பையும் கடிதத்தையும் ஆணையத்துக்கு அனுப்பிட்டுத்தான் வந்திருக்கேன்.”

அன்று இரவு உணவுக்கு முன் சுடர்க்கொடி குளித்துவிட்டு வந்தபோது தரையில் சுண்ணக்கோடு இல்லை. ஈரத்துணியால் யாரோ துடைத்திருந்தார்கள். பெரியதாக ஒன்றும் நடக்காததுபோல் மற்றவர்கள் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தார்கள். மூக்கம்மாள் மட்டும், காலால் தரையைத் தடவியபடி நடந்து வந்து, சுடர்க்கொடியின் டம்ளரில் இருந்த தண்ணீரை வாங்கிக் குடித்தாள்.

ஆறாம் நாள் மறுமொழி வந்தது. ஹமீதா அதை எல்லோருக்கும் கேட்க வாசித்தார். விண்ணப்பதாரர் தற்போது உள்ளிருப்பவர். உள்ளிருப்போர் சொல் சான்றாகாது. கோப்பு முடிக்கப்பட்டது. விண்ணப்பதாரரின் மருத்துவப் பதிவு இன்று முதல் நீக்கப்படுகிறது.

“இவ்வளவுதானா?” என்றாள் சுடர்க்கொடி. “ஒரு மனுசிய உயிரோட உள்ள போட்டுட்டு, இவ்வளவுதானா?”

ஹமீதா தாளை மடித்தார். மறுபடி பிரித்தார். கடைசி வரியைப் பார்த்துக்கொண்டே இருந்தார். பிறகு அவர் குரலில் இதுவரை இல்லாத ஒன்று வந்தது.

“மருத்துவர் விழியை நோக்கலாகாதுன்னுதானே சட்டம்? நான் இப்ப மருத்துவர் இல்லையே.”

கைப்பேசியைப் பிடுங்கிவிட்டார்கள். காசிலிங்கம் தம் வீட்டு டார்ச்சைக் கொண்டு வந்தார். கூரைக் கண்ணாடி வழியாகக் காலை வெயில் கூடத்துக்குள் வந்து விழும் நேரத்தில், நீக்கப்பட்ட அந்த மருத்துவர் கட்டில் கட்டிலாகப் போனார். ஒவ்வொரு முகத்தையும் இரு கையாலும் ஏந்தினார். ஒவ்வொரு கண்ணையும் காசிலிங்கத்தின் கண்ணோடு ஒப்பிட்டார். எத்தனையோ ஆண்டாகத் தங்கள் முகத்தை யாரும் இத்தனை அருகில் வந்து பார்த்ததில்லை என்று அந்தப் பெண்களுக்கு அப்போதுதான் உறைத்தது. சிலர் கூச்சத்தில் கண்ணை மூடினார்கள். ஏழாம் கட்டிலில் ஒருத்தி, துளித்தாளுக்கு வராத கண்ணீரை அப்போது கொட்டினாள்.

“பதின்மூணு பேர்ல பதினோரு பேருக்கு நோய் இல்ல,” என்றார் ஹமீதா. “ரெண்டு பேருக்குச் சந்தேகம், அவங்களுக்கு மருந்து போகட்டும். மத்தவங்களுக்கு நிறுத்தணும்.”

எல்லோரும் காசிலிங்கத்தைப் பார்த்தார்கள். மணிக்கொரு முறை மருந்தை ஊற்றுகிறவர் அவர்தான். கூரை மூலையில் இருந்த கேமரா, குப்பி திறந்ததா, துளி விழுந்ததா என்று எண்ணிக்கொண்டிருந்தது. துளிக்குள் என்ன இருந்தது என்று அதற்குத் தெரியாது.

“மாட்டிக்கிட்டா எனக்கும் ஒரு கட்டிலு போடணும்,” என்றார் அவர்.

“போட்டுருவோம்,” என்றாள் ஜெபமாலை. “ஆம்பள வார்டுல.”

மறுநாள் காலை அந்தப் பதினோரு பேரின் மஞ்சள் குப்பிகளிலும் ஹமீதாவின் குப்பியிலும், ஒரு சிட்டிகை மஞ்சள் நிறம் மட்டும் கலந்த ஊசித் தண்ணீர் இருந்தது.

*

அதற்குப் பிறகும் ஆறு மணிக்கு மணி அடித்தது. நூறு எண்ணினார்கள். நான்கு மணிக்குத் திரை சிவந்தது. வெளியே சுடர்க்கொடியின் தகட்டுக் காட்டில் வேறு யாரோ தகடு துடைத்தார்கள். ஹமீதாவின் தாய்க்குத் தங்கை கஞ்சி ஊட்டினாள். கதவு அசையவில்லை. கூண்டு கூண்டாகவே இருந்தது. ஆனால் எட்டாம் நாள் மூன்றாவது வரி நெளியாமல் நின்றது: மணிக்கொரு முறை மருந்திடுக. பதினாறாம் நாள் நான்காவது: பிறர் முகம் நோக்கிப் பேசாதீர். மூக்கம்மாளுக்கு மட்டும் ஒன்றும் திரும்பவில்லை. ஒவ்வொரு நாளும் பக்கத்தில் உட்கார்ந்து, “இன்னைக்கு எத்தன வரிளா?” என்று சுடர்க்கொடியிடம் கேட்பாள், எண்ணைச் சொன்னதும் தலையை ஆட்டிக்கொள்வாள்.

புதிய மருத்துவர் ஐந்தாம் வாரம் வந்தார். பெயர் வில்லவன். குரலில் இளமை. சாளரத்தின் அப்பக்கம் நின்று குறிப்பேட்டைப் புரட்டினார். “பதின்மூன்றாம் கட்டில். எத்தனை வரி தெரியுது?”

சுடர்க்கொடி ஹமீதாவைத் திரும்பிப் பார்த்தாள். உண்மையைச் சொன்னால் குப்பிகளைச் சோதிப்பார்கள். காசிலிங்கம் போவார், தண்ணீர் போகும், எரிகிற மஞ்சள் திரும்பி வரும். வந்த பார்வை மறுபடி போகும். சொல்லாவிட்டால் இந்தக் கூடத்திலேயே, எல்லாம் தெளிவாகத் தெரிகிற கண்களோடு, காலம் முழுக்க உட்கார்ந்திருக்கலாம். ஹமீதா தலையசைக்கவில்லை, தடுக்கவும் இல்லை. மூக்கம்மாள்தான், பார்க்காத கண்களை இவள் பக்கம் திருப்பி, “சொல்லுளா,” என்றாள்.

“ஆறாவது வரி வாசிக்கேன் சார், கேளுங்க,” என்றாள் சுடர்க்கொடி. “உள்ளிருப்போர் சொல் சான்றாகாது.”

வில்லவன் ஏட்டைப் பார்த்தார். “மூணாவது வரியே தெரியலன்னு இங்க இருக்கே? பொறி தினமும் சிவப்புன்னு சொல்லுது. நோய் இருக்கும்போது பார்வை எப்படித் திரும்பும்? பலகையை மனப்பாடம் பண்ணி வச்சிருக்கீங்களா?”

“பண்ணிருக்கலாம். என் சொல்ல நம்பாதீங்க. பலகையே நம்ப வேண்டாம்னுதான சொல்லுது.” அவள் சாளரத்துக்கு அருகில் போனாள். குனிந்து, மருந்துக் கதவின் சதுரத்துக்கு நேரே முகத்தை வைத்தாள். “கண்ணு இங்க இருக்கு. பாருங்க.”

“பாக்கக் கூடாது. உங்களுக்கே தெரியும்.”

“ஆமா, தெரியும். பாருங்க.”

“கட்டிலு காலியா இருக்கு தம்பி, பயப்படாதீங்க,” என்றாள் ஜெபமாலை பின்னாலிருந்து. யாரும் சிரிக்கவில்லை.

வில்லவன் ஏட்டை மூடினார். திரும்பிப் போக ஓர் அடி எடுத்து வைத்தார்; நின்றார். அவர் வலக்கை எழுந்து முகக்கவசத்தின் விளிம்பைத் தொட்டது. தொட்ட இடத்திலேயே நின்றது. தூக்குவதற்கா, அழுத்திக்கொள்வதற்கா என்று அந்தக் கைக்கே தெரியவில்லை. புகைநிறக் கண்ணாடிக்கு அப்பால், நான்கடி தூரத்தில், அந்த விரல்களில் ஒட்டியிருந்த பேனா மைக்கறைகூடச் சுடர்க்கொடிக்குத் தெளிவாகத் தெரிந்தது.